திரையிலே நிழலும் உயரமும்

ஒளியின் பெருமையை எடுத்துரைப்பார் பலர்; நிழலின் பெருமையை எண்ணிப் பார்ப்பார் சிலரே. நிழல் என்றதும் ஒளி இல்லாத இடம் என்றும், வெயிலுக்கு ஒதுங்கும் இடம் என்றும் மாத்திரமே நாம் பொருள் கொள்கின்றோம். ஆயின், ஒரு பொருள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றதா அன்றித் தரையினின்றும் உயர்ந்து நிற்கின்றதா என்பதைக் கண்ணுக்கு அறிவிக்கும் சான்றுகளுள் நிழல் தலையாயதொன்று. மரமும் மதிலும் உள்ள வெளியுலகில் மாத்திரமன்றி, இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைத்தொலைபேசியின் திரையிலும் இச்சான்று ஓயாது தொழில் புரிந்துகொண்டிருக்கின்றது. அத்திரை வழுவழுப்பான கண்ணாடி. அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எனினும், பொத்தான் ஒன்று மேலெழுந்து நிற்பதாகவும், கடிதம் ஒன்று மற்றொன்றின்மேல் கிடப்பதாகவும் நாம் காண்கின்றோம். இம்மாயம் எவ்வாறு நிகழ்கின்றது? இதனால் ஆகும் பயன் யாது? இது பிழைக்குமிடத்து விளையும் கேடு யாது? இவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விழா மலரைப் படிக்கும் மாணவருள் பலர் நாளை மென்பொருள் ஆக்கும் தொழிலிற் புகுவர்; பழைய மாணவருள் சிலர் ஏற்கெனவே அத்தொழிலில் உளர். ஏனையோர் அவர்கள் ஆக்கியவற்றை நாடோறும் பயன்படுத்துவோர். ஆகவே, இப்பொருள் இருசாரார்க்கும் உரியதேயாம்.

நிழலின் இயல்பு

முதற்கண் நிழலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். நிழல் இருவகைப்படும். ஒரு பொருளின் ஒளிபடாத பக்கம் இருண்டு தோன்றுதல் ஒன்று. அப்பொருள் ஒளியைத் தடுத்தலால் வேறொரு பரப்பில் இருள் விழுதல் மற்றொன்று. முன்னதைச் சாயல் என்றும், பின்னதை விழுநிழல் என்றும் இங்கு வழங்குவாம். சாயல் பொருளின் வடிவத்தைக் காட்டும். விழுநிழல் பொருளின் இருப்பிடத்தைக் காட்டும்.

விழுநிழலின் ஓரம் எப்பொழுதும் கூர்மையாய் இருப்பதில்லை. சூரியன் ஒரு புள்ளியன்று. வானில் ஏறக்குறைய அரைப் பாகை அகலமுடைய வட்டமாய்த் தோன்றுவது. ஆதலால் நிழலின் நடுவே கருநிழலும், அதனைச் சூழ்ந்து மங்கிய புறநிழலும் அமைகின்றன. பொருளுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய நூற்றெட்டில் ஒரு பங்கு புறநிழலின் அகலமாகும். உச்சிப் பொழுதில் மூன்றடி உயரத்துள்ள வேலிக் கதிகாலின் நுனி, மூன்றில் ஓரங்குல அகலமுள்ள மங்கலான ஓரத்தையே தரையிற் காட்டும். அறுபதடி உயரத்துப் பனையின் வட்டிலுள்ள ஓலையோ ஆறரை அங்குலம் வரை மங்கல் காட்டும். எனவேதான் பனையடியில் நிற்போர்க்கு ஓலையின் ஒவ்வோர் இதழும் நிலத்தில் தனித்தனியே தெரிவதில்லை. வேலியின் நிழலோ கோடு கிழித்தாற்போலத் தெரிகின்றது. நிழல் கூர்மையாயின் பொருள் அண்மையில் உளது; நிழல் மங்கின் பொருள் உயரத்தில் உளது. திரையில் உயரம் காட்டும் கலை முழுவதற்கும் அடிப்படை இவ்வொரு விதியேயாம்.

நம் தீவகத்தார் இவ்விதியை நூலிற் படித்தறிய வேண்டுவதில்லை. தெளிந்த ஆழங்குறைந்த கடலில் வள்ளம் செல்லுங்கால் அதன் நிழல் அடிமணலில் உடன் செல்வதைக் காண்கின்றோம். நிழல் வள்ளத்தோடு ஒட்டிச் சென்றால் நீர் குறைவு; விலகிச் சென்றால் நீர் மிகுதி. வள்ளம் மிதக்கும் உயரமே இங்கு நிழலால் அளக்கப்படுகின்றது.

தீவகத்து வெயில்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய நம் தீவுகள் மலையற்றவை. கடல் மட்டத்தினின்றும் சில மீற்றர் உயரமே உடையவை. தேசப்படங்களில் மலைநாட்டுக்குச் சாயல் தீட்டி மேடு பள்ளம் காட்டுவர். நம் தீவுகளுக்கு அத்தகைய சாயல் இல்லை. கடலின் நீலத்திடையே அவை தட்டையான துண்டுகளாகவே கிடக்கும். ஆயினும், உயரம் இல்லாத நிலத்தில் சிறிய உயரமும் பெரிதாய்த் தோன்றும். நெடுந்தீவில் சுண்ணமின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகளைக் காலையிலும் மாலையிலும் பார்ப்போர் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே எண்ணலாம். உச்சிப் பொழுதில் அவ்வேலியே ஒரு வெண்ணிறப் பட்டையாய்த் தோன்றும். கற்கள் மாறவில்லை, ஒளி வரும் திசையே மாறிற்று.

நெடுந்தீவு வட அகலக்கோடு ஒன்பதரைப் பாகையளவில் உளது. இதனால் ஆண்டில் இருமுறை, ஏப்ரில் மாத நடுவில் ஒருமுறையும், ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஒருமுறையும், சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகின்றது. முன்னது சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாளாகும். அந்நாளில் நண்பகற் பொழுதில் நேரே நட்ட கம்பத்துக்கு நிழலில்லை. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். தம் நிழலைத் தம் அடியால் அளந்து பொழுதறிந்த முன்னோர் இவ்வேறுபாட்டையும் உணர்ந்தேயிருப்பர்.

கல்லிற் பொறித்த எழுத்து

நிழல் பொருள் தருவதற்கு நம் தீவகத்திலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153-1186) தமிழ்ச் சாசனம் ஒன்று உளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து சேர வேண்டுமென்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டுமென்றும் அச்சாசனம் விதிக்கின்றது. ஆனையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் செம்பாகமாய்ப் பகிரப்படும். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

இத்தகைய கல்வெட்டில் மையில்லை; நிறமுமில்லை. எழுத்தும் கல்; எழுத்தைச் சூழ்ந்த வெளியும் அதே கல். எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுவது வெட்டிய பள்ளத்துள் விழும் நிழல் ஒன்றே. ஒளி நேர்முகமாய் விழுந்தால் அந்நிழல் அழியும், எழுத்தும் மறையும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். ஆகையாற்றான் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் காலை மாலை வெயிலை நாடுவதும், விளக்கைக் கல்லின் பக்கத்தே சாய்த்துப் பிடித்துப் படிப்பதும், மைப்படி எடுப்பதும். கால் பங்கா அரைப் பங்கா என்னும் வழக்கே ஒரு சிறு கீற்றின் நிழலைப் பற்றி நிற்கக்கூடும். நிழல் அணியன்று, பொருளைத் தாங்கி நிற்பது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. இவ்வெடுத்துக்காட்டை நினைவிற் கொள்க. பின்னரும் இது நமக்குப் பயன்படும்.

மனம் செய்யும் ஊகம்

கல்லில் உண்மையாகவே பள்ளம் உண்டு. திரையிலோ அது இல்லை. இல்லாத மேட்டை மனம் எவ்வாறு காண்கின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டோருள் தமிழர் ஒருவர் முதன்மையானவர். 1951இல் தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர்க் கேம்பிரிட்ஜிலே கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திற் பேராசிரியராய் விளங்கிய வி. எஸ். இராமச்சந்திரன் என்பாரே அவர். சாயலிலிருந்து வடிவத்தை மனம் எவ்வாறு உணர்கின்றது என்பது பற்றி அவர் 1988ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை பெரும் புகழ் பெற்றது.

அவர் காட்டிய சோதனை மிக எளிது. சாம்பல் நிறத் தாளிலே சில வட்டங்களை வரைக. சில வட்டங்களில் மேற்பாதி வெளிறி, கீழே செல்லச் செல்ல இருளுமாறு தீட்டுக. மற்றைய வட்டங்களைத் தலைகீழாகத் தீட்டுக. முன்னவை முட்டைபோல் மேலெழுந்து தோன்றும். பின்னவை குழிபோல் உள்ளமிழ்ந்து தோன்றும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் முட்டைகள் குழிகளாகும், குழிகள் முட்டைகளாகும். இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஒளி மேலேயிருந்து வருகின்றது என மனம் கேளாமலே கொள்கின்றது. மற்றொன்று, காட்சி முழுவதற்கும் ஒளி தரும் விளக்கு ஒன்றே என்றும் கொள்கின்றது.

சூரியன் ஒன்று, அது தலைக்கு மேலே உளது. உயிர்கள் எண்ணற்ற தலைமுறைகளாக இவ்வுண்மையின்கீழ் வாழ்ந்தமையால் கண்ணும் மனமும் அதனை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டன. வியப்பு யாதெனின், 'மேல்' என்பதை மனம் வானத்தைக் கொண்டு முடிவு செய்வதில்லை. தலையைக் கொண்டே முடிவு செய்கின்றது. ஒருவன் குனிந்து தன் கால்களுக்கிடையே அத்தாளைப் பார்த்தாலும் முட்டைகள் குழிகளாய் மாறக் காண்பான். மணலிற் பதிந்த காலடியின் புகைப்படத்தைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்ப்போர்க்கும் இதே அனுபவம் கிட்டும். மாணவர் இதனைச் செய்து பார்ப்பார்களாக.

விழுநிழலின் வலிமையைக் காட்டும் சோதனை 1997இல் வெளியாயிற்று. கேர்ஸ்ரன் என்பாரும் அவருடைய துணைவரும் ஒரு பெட்டிக்குள் ஒரு பந்து சாய்கோட்டில் நகரும் படத்தைக் கணினியில் ஆக்கினர். இரண்டு படங்களிலும் பந்தின் வழி ஒன்றே. நிழலின் வழி மாத்திரம் வேறு. நிழல் பந்தோடு ஒட்டிச் சென்ற படத்தில், பந்து தரையில் உருண்டு பின்னோக்கிச் செல்வதாகக் கண்டனர். நிழல் பந்தை விட்டு விலகிச் சென்ற படத்தில், பந்து தரையை விட்டு மேலெழுவதாகக் கண்டனர். முன்னர்க் கூறிய வள்ளத்தின் நிழலை ஒப்பிட்டு நோக்கின், கடலிற் கண்டதும் கணினியிற் கண்டதும் ஒன்றே என்பது விளங்கும்.

திரையின் வரலாறு

இனி, இவ்வறிவு திரையில் ஏறிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1984இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் கணினி கறுப்பு, வெள்ளை என இரு நிறமே காட்ட வல்லது. மங்கலான நிழல் தீட்ட அதனால் இயலாது. எனினும், அதன் சாளரங்களின் வலப்புறத்தும் கீழ்ப்புறத்தும் ஒரு மெல்லிய கருங்கோடு இடப்பட்டது. அக்கோடு ஒன்றினாலேயே சாளரம் மேசையை விட்டு எழுந்து நிற்பதுபோலத் தோன்றிற்று.

1988இல் அறிமுகமான நெக்ஸ்ட் கணினியின் திரை கறுப்பு, வெள்ளை, இருவகைச் சாம்பல் என நான்கு சாயை காட்டியது. இந்நான்கைக் கொண்டே பொத்தான்களுக்கு மேலும் இடமும் வெளிறிய விளிம்பும், கீழும் வலமும் இருண்ட விளிம்பும் அமைத்தனர். 1990இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் மூன்றாம் பதிப்பும், 1995இல் வெளியிட்ட பதிப்பும் இம்முறையை உலகெங்கும் பரப்பின. பொத்தானை அமுக்கும்போது வெளிறிய கோடும் இருண்ட கோடும் இடம் மாறும். உடனே பொத்தான் உள்ளே அமிழ்ந்ததாகக் கண் நம்பும். இராமச்சந்திரனின் முட்டையும் குழியுமே அங்கு ஒவ்வொரு பொத்தானிலும் ஒளிந்திருந்தன.

ஒளி இடப்புறத்து மேல் மூலையிலிருந்து வருவதாகத் தீட்டும் இவ்வழக்கம் கணினிக்குப் புதியதன்று. தேசப்படம் வரைவோர் மலைகளுக்குச் சாயல் தீட்டும்போது வடமேற்கிலிருந்து ஒளி வருவதாகவே தீட்டிவந்தனர். சுவிற்சலாந்து நாட்டுத் தேசப்பட அறிஞர் எடுவாட் இம்கோவ் (1895-1986) அக்கலையில் தலைசிறந்தவர். அவருடைய நாட்டில் நண்பகற் சூரியன் என்றும் தெற்கிலேயே நிற்கும். எனினும், தெற்கிலிருந்து ஒளி வருவதாகத் தீட்டினால் தாளின் கீழிருந்து ஒளி வருவதாகும். மலை பள்ளமாய்த் தோன்றும். எனவே இயற்கையை விட்டு மனத்தின் ஊகத்தையே பின்பற்ற வேண்டியதாயிற்று.

2001இல் அப்பிள் வெளியிட்ட இயங்குதளம் மென்மையான, ஒளி ஊடுருவும் நிழல்களைக் கொணர்ந்தது. அதில் நாம் தொழில் செய்யும் சாளரத்துக்குப் பெரிய நிழலும், பின்னின்றவற்றுக்குச் சிறிய நிழலும் உண்டு. அதன் பின்னர் நிழலும் பளபளப்பும் அளவு கடந்தன. திரையிலே தோற்பையும் மரப்பலகையும் தீட்டினர். அளவு கடந்தது வெறுப்பைத் தந்தது. 2012இல் மைக்ரோசொப்டின் விண்டோஸ் எட்டாம் பதிப்பும், 2013இல் ஐபோனின் ஏழாம் இயங்குதளமும் நிழலையும் விளிம்பையும் பெரிதும் களைந்து யாவற்றையும் தட்டையாக்கின. திரை தூய்மையாயிற்று, ஆனால், எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று மயங்குவோரும் பெருகினர்.

உயரத்துக்கு ஓர் இலக்கணம்

அளவு கடத்தலுக்கும் அறவே களைதலுக்கும் இடையே ஒரு நடுவழி 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனத்தால் வகுக்கப்பட்டது. மற்றியாஸ் டுவார்ற்றே என்பாரின் தலைமையில் ஆக்கப்பட்ட அது 'மற்றீரியல் டிசைன்' எனப் பெயர் பெற்றது. அக்காலத்தில் அன்ட்ரொயிட் பிரிவுக்குத் தலைவராய் இருந்தவர் மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது.

அம்முறையின் கருத்து இதுவே: திரையினுள்ளே கடதாசித் தாள்கள் பல உள்ளன எனக் கொள்க. ஒவ்வொரு தாளுக்கும் மெல்லிய கனம் உண்டு. அடித்தளத்தினின்றும் ஒவ்வோர் உயரம் உண்டு. அவற்றின்மீது இருவகை ஒளி விழுகின்றது. ஒன்று திசையுடைய முதன்மை ஒளி. மற்றது எங்கும் பரந்த சூழொளி. முதன்மை ஒளி கீழ்நோக்கி விலகிய நிழலைத் தரும். சூழொளி நான்கு புறமும் மெல்லிய நிழலைத் தரும். உயரத்தை அளக்கும் அலகு ஓர் அங்குலத்தின் நூற்றறுபதில் ஒரு பங்கு. இவ்வலகில் திரையின் தலைப்புப் பட்டைக்கு 4, மிதக்கும் வட்டப் பொத்தானுக்கு 6, பக்கத்தினின்றும் நீளும் பட்டியற் பலகைக்கு 16, விடை கேட்டு நிற்கும் உரையாடற் பெட்டிக்கு 24 என உயரம் விதித்தனர். இருபத்துநான்கு அலகு என்பது ஏறக்குறைய நாலு மில்லிமீற்றரே. அச்சிறு உயரத்துள் ஒரு முழு ஒழுங்கு அடங்கிற்று.

இவ்வொழுங்கின் உட்பொருள் யாதெனின், உயரம் என்பது முதன்மை என்பதாம். உடனே விடை வேண்டி நிற்பது மிக உயரத்தில் நிற்கும். படித்துச் செல்வதற்கு உரியது தாழ்ந்து கிடக்கும். சபையிலே பேசுபவர் மேடையிலும் கேட்பவர் கீழும் இருப்பது போன்றதே இது. பழைய பொத்தான் அமுக்கினால் அமிழ்ந்தது. இப்புதிய வட்டப் பொத்தானோ தொட்டவுடன் 6இலிருந்து 12க்கு உயர்ந்து விரலை எதிர்கொள்கின்றது. முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே: 'நீ தொட்டதை நான் உணர்ந்தேன்' என்று சொல்லுதல்.

இதனைத் தீட்டும் முறையும் கடினமன்று. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் மொழியில் பெட்டிக்கு நிழலிடும் ஆணை ஒன்று உண்டு. கிடையாக எவ்வளவு விலக வேண்டும், கீழ்நோக்கி எவ்வளவு விலக வேண்டும், ஓரம் எவ்வளவு மங்க வேண்டும், நிழல் எவ்வளவு விரிய வேண்டும் என நான்கு எண்களும், ஒரு நிறமும் கொடுத்தால் போதும். உயரம் கூடக்கூட விலகலும் மங்கலும் கூட வேண்டும். கருமை குறைய வேண்டும். வேலிக் கதிகாலையும் பனையோலையையும் நினைவிற் கொண்டவர்க்கு இவ்விதி மறவாது. ஆனால், தொடக்க மாணவர் பலர் உயரம் காட்ட எண்ணி நிழலைக் கருமையாக்குகின்றனர். அதனால் பொருள் உயர்வதில்லை. அழுக்குப் படிந்ததுபோலத் தோன்றுகின்றது. வேறு சிலர் ஒரு பெட்டிக்கு நிழலைக் கீழேயும், மற்றொன்றுக்கு மேலேயும் இடுகின்றனர். ஒரே காட்சியில் இரண்டு சூரியனை மனம் ஏற்காது. திரை முழுவதும் தளர்ந்து கலங்கும். எல்லாவற்றையும் உயர்த்துவோரும் உளர். எல்லாரும் மேடையேறினால் மேடையே தரையாகிவிடும். மூன்று அல்லது நான்கு படி உயரமே ஒரு திரைக்குச் சாலும்.

இருட்டில் நிழல் ஏது?

அண்மைக் காலத்தில் கரிய பின்னணியுடைய திரைகளைப் பலர் விரும்புகின்றனர். கரிய தரையில் நிழல் விழுந்தாலும் தெரியாதன்றோ? இதற்குக் கூகுள் நிறுவனத்தார் 2019இல் ஒரு வழி கூறினர். அடித்தளத்தை முழுக் கறுப்பாக்காது கருஞ்சாம்பல் ஆக்குக. உயரம் கூடக்கூடத் தாளை வெளிறச் செய்க என்பதே அது. ஓரலகு உயரத்துக்கு நூற்றுக்கு 5 பங்கும், 24 அலகு உயரத்துக்கு 16 பங்கும் வெண்மை கலக்கப்பட்டது. இருண்ட அறையில் விளக்கின் அருகே நெருங்கும் பொருள் ஒளி பெறுவதுபோல, உயர்ந்த தாள் ஒளி பெறுகின்றது. 2021இல் வெளியான புதிய முறை பகல் நிறத் திரையிலும் நிழலைக் குறைத்து, நிறத்தின் ஏற்றத்தாழ்வால் உயரம் காட்டுவதை மேற்கொண்டது. நிழல் ஒரு மொழியின் ஒரு சொல்லே. மொழி முழுவதும் அதுவன்று.

யாருக்கு இது முக்கியம்?

'இவையெல்லாம் அழகு பார்ப்போர்க்கு உரிய செய்தி, நமக்கென்ன?' என வினவுவார் இருப்பர். அவர்க்கு நாம் கூறும் விடை இது. நம் தீவுகளிற் பிறந்தோர் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். ஊரிலே தங்கியவர் பெரும்பாலும் முதியவர். பிள்ளையின் முகம் பார்ப்பதும், அனுப்பிய பணம் வந்ததா என்று அறிவதும், மருந்துக்கு நாள் குறிப்பதும் இக்கண்ணாடித் திரை வழியாகவே நிகழ்கின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் உச்சி வெயிலில் படகுக்குக் காத்திருக்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். கண்ணிலே புரை, கையிலே தொலைபேசி. திரையில் 'ஏற்கின்றேன்' என்றும் 'மறுக்கின்றேன்' என்றும் இரண்டு பொத்தான்கள் உள. வெண்மையின்மேல் வெண்மையாய், ஒரு மெல்லிய நிழலால் மாத்திரம் காட்டப்பட்ட பொத்தான்கள் அவை. குளிரூட்டிய அறையில் இருந்து அவற்றைத் தீட்டியவனுக்கு அந்நிழல் தெளிவாய்த் தெரிந்தது. துறைமுகத்து வெயிலில் அது இல்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. திரையின் நிழலோ வெயிலில் தெரியாதே போகின்றது. அம்மூதாட்டி தவறான இடத்தைத் தொட்டால் இழப்பது அழகையன்று; பணத்தையாகலாம், மருத்துவரின் நாளையாகலாம். மீண்டும் ஒருவரிடம் கேட்க நாணித் தொலைபேசியையே கைவிட்டுவிடவும் கூடும்.

நல்ல கண்ணுடையார்க்கும் இடர் உண்டு. நீல்சன் நோர்மன் குழுமத்தார் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பொத்தானுக்குரிய அடையாளங்கள் மங்கிய தட்டைப் பக்கங்களில் மக்கள் தாம் தேடியதைக் காண நூற்றுக்கு 22 பங்கு மிகுதியான நேரம் கொண்டனர் எனக் கண்டனர். 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்த விதியின்படி, பொத்தான் முதலிய உறுப்புகளை அடையாளம் காட்டும் பகுதிக்கும் அதனை அடுத்த நிறத்துக்கும் ஒளிவேறுபாடு மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்திற் குறையலாகாது. மெல்லிய நிழல் இவ்வளவை எட்டுவதில்லை. எனவே நிழலோடு ஒரு கோடோ, நிறமோ, தெளிவான சொல்லோ சேர்தல் வேண்டும்.

2019, 2020ஆம் ஆண்டுகளிலே பொத்தானும் பின்னணியும் ஒரே நிறமாய், மேலே ஒளியும் கீழே நிழலுமாய், களிமண்ணில் அமுக்கி எடுத்ததுபோன்ற ஒரு பாணி வடிவமைப்பாளரிடையே பரவிற்று. பார்ப்பதற்கு இனியது, பயன்படுத்தற்கு அரியது. ஏன்? நயினாதீவுச் சாசனத்தை எண்ணுக. எழுத்தும் கல், வெளியும் கல். நிழல் மறைந்தால் எழுத்தே இல்லை. அப்பாணியும் அத்தகையதே.

இவ்விடத்தில் நம் முன்னோர் கையாண்ட ஒரு முறையை நினைவுகூர்தல் தகும். பனையோலையிலே எழுத்தாணியாற் கீறிய எழுத்தும் முதலில் பள்ளமாகவே அமைகின்றது. நிறமில்லாமையால் அது எளிதிற் புலப்படாது. ஆகவே கரியும் பச்சிலைச் சாறும் முதலியன கொண்டு தடவி, கீறலுள் கருமையை நிறுத்தினர், எழுத்து விளங்கிற்று. பள்ளத்தின் நிழலை மாத்திரம் நம்பியிராது நிறத்தையும் துணைக்கழைத்த அறிவு அது. இன்றைய திரைக்கும் அதுவே நெறி.

தமிழ் எழுத்துக்கு ஒரு குறிப்பும் வேண்டும். எழுத்துகளுக்கு அடியில் நிழலிடும் வழக்கம் விளம்பரங்களிலும் திரைகளிலும் உண்டு. நம் எழுத்துகள் சுழியும் வளைவும் செறிந்தவை. மெய்யெழுத்தின் புள்ளியோ மிகச் சிறியது. மங்கிய நிழல் சுழியின் உள்வெளியை நிரப்பும். புள்ளியை எழுத்தோடு ஒட்டச் செய்யும். 'கல்' என்பது 'கல' எனவும், 'பல்' என்பது 'பல' எனவும் வாசிக்கப்படின் பொருளே மாறும். உயரம் தாளுக்கு உரியது; எழுத்துக்கு உரியதன்று. தமிழ் எழுத்தை நிழலின்றித் தெளிந்த தரையில் நிறுத்துதலே நன்று.

மாணவர்க்கு

இதுகாறும் கூறியவற்றால், நிழல் என்பது வெற்று அலங்காரமன்று. மனிதமனம் பிறப்பிலேயே கற்றுவந்த ஒரு மொழி என்பது பெறப்படும். அம்மொழியைத் திரையிற் பேசுவோர் அதன் இலக்கணத்தை அறிந்து பேசுதல் வேண்டும். ஒளி ஒன்றாகவும் மேலிருந்து வருவதாகவும் இருத்தல்; உயரம் முதன்மையைக் குறித்தல்; உயரக்கூடக் கருமை குறைந்து மங்கல் கூடுதல்; படிகள் சிலவாய் இருத்தல்; நிழலைத் தனியே நம்பாமை. இவ்வைந்தையும் மாணவர் மனத்திற் கொள்வாராக.

இவ்வறிவைப் பெறப் பெருநகரங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. காலை வெயிலில் பவளக்கல் வேலியையும், நண்பகலில் பனையடியையும், தெளிந்த நீரில் வள்ளத்தின் நிழலையும் ஊன்றி நோக்கும் மாணவன் இக்கலையின் முதற்பாடத்தைக் கற்றவனாவான். இரண்டாம் பாடம் இன்னும் எளிது: தான் ஆக்கிய திரையை அறையினுள்ளே மாத்திரம் பார்த்து அமையாது, வெயிலிற் கொண்டுபோய்த் தன் பாட்டியார் கையிற் கொடுத்து, அவர் எதைத் தொடுகின்றார் என்று பொறுமையோடு பார்த்தல். அவர் தயங்காது தொட்டாராயின் அத்திரை தேர்வில் தேறியது. நம் கல்லூரியிற் பயின்ற கைகள் ஆக்கும் திரைகள் இத்தேர்வில் என்றும் தேறுவனவாக.